பட்டறைகள் பிழைக்க வைத்த பழைய டிராக்டர்கள்

டிராக்டரின் கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டுமானால் வண்டியை நடுவில் இரண்டாக உடைக்க வேண்டும். உடைப்பது என்பது பட்டறைப் பேச்சு. பிரிப்பது என்று பொருள். லாரிக்கு இருப்பது போல டிராக்டருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தி போல்ட் முறுக்கியிருப்பார்கள். அந்த வார்ப்பிரும்புத் தொடர்தான் வண்டியின் முதுகெலும்பு. எங்கள் வீட்டு 1983 மாடல் மாசி பெர்குசன் 1035ஐ முதன்முதலாக உடைத்த அன்று எனக்குக் கை நடுங்கியது. முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடுகிற அமைப்பு. இரண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்காவிட்டால் பிரித்ததும் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆப்பு அடித்து, அடியில் கட்டை கொடுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, நாலு பேர் சேர்ந்து பின்பாதியை மெதுவாக உருட்டினோம். ஒரு முழம் விலகியதும் உள்ளேயிருந்து பழைய கிரீஸ் வாசமும் கிளட்ச் தூசியும் வந்தன. அப்பா அந்த வண்டியில் இருபத்தைந்து வருடம் உழுதிருக்கிறார். அதன் வயிற்றை ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு முக்காலி போட்டு உட்கார்ந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் பார்க்கிற வட்டாரத்தில், அதாவது தாராபுரம், காங்கேயம், பல்லடம், உடுமலைப் பக்கங்களில், பழைய டிராக்டரைப் புதுப்பித்து ஓட்டுகிற இந்த ஆசை நாலைந்து வருடமாகக் கூடிக்கொண்டே வருகிறது. தொண்டுப்பட்டிக்கு, அதாவது ஆடுமாடு அடைக்கும் இடத்துக்குப் பின்னால் வேலா மரத்தடியில் கிடந்த வண்டியை இழுத்து வந்து ஓட வைக்கிறார்கள். சிலர் இரண்டு, மூன்று என்று சேர்க்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்கென்றே சங்கங்கள் உண்டு. பழைய வண்டிகளை வைத்து உழவுப் போட்டியும் நடக்கும். அங்கே பெரும்பாலும் அது ஓய்வு பெற்ற வண்டிக்குச் செய்கிற மரியாதை. நம்மூர் ஆள் அப்படி விடமாட்டார். வண்டி எழுந்ததும் முதல் வேலையாகக் கலப்பையை மாட்டிக் காட்டில் இறக்குவார். உழுதால்தான் சரியாச்சு என்று ஒப்புக்கொள்வார்.

இந்த வண்டிகள் இவ்வளவு காலம் தாங்கியதற்கு உழவர்களின் பாசம் மட்டும் காரணமில்லை. பாசம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே கூடுதலாக இருப்பது பட்டறை. பம்பு செட்டுக்காக வந்த, இரும்பு வார்க்கும் பவுண்டரியும் மில்லுக்காக வந்த லேத்தும், லாரிக்காக வந்த டீசல் பம்ப் சர்வீசும், பஸ்ஸுக்காக வந்த தகரவேலையும் சேர்ந்துதான் டிராக்டரைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கொங்கு நாட்டுப் பண்ணையத்தில் மாடு இரண்டு வேலை பார்த்தது. ஒன்று உழவு, இன்னொன்று கவலை இறைப்பது, அதாவது கிணற்றுத் தண்ணீரை மாடு கட்டி இழுத்து இறைப்பது. ஆழக் கிணறுகள் உள்ள நாடு இது. விடிவதற்கு முன்பே எருதுகள் கவலை மேட்டில் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. மில்கள் பெருகின. பின்னால் மின்மோட்டார் தோட்டத்துக் கிணறுகளுக்கும் வர, எருதுகளுக்குக் கவலையிலிருந்து விடுதலை கிடைத்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்தார்கள். அதற்குப் பின் மோட்டார், பம்பு, அவற்றுக்கான வார்ப்பு என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஊர் வளர்ந்தது. பாரம் இழுப்பதை லாரி எடுத்துக்கொண்டது. கடைசியில் மாட்டுக்கு மிஞ்சியது உழவு மட்டும். உழவுக்காக மட்டும் வருடம் முழுக்க ஒரு சோடி எருதுக்குத் தீனி போடுவது கட்டுபடியாகாது. பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிகள் பெருகப் பெருக, மாடு கட்டி உழும் ஆளும் அங்கே போய்விட்டார். டிராக்டர் வந்து மாட்டைத் துரத்தியது என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் மாட்டின் வேலை ஏற்கனவே ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டிருந்தது; டிராக்டர் வந்தது கடைசியில்தான்.

இந்தியாவில் டிராக்டர் செய்யத் தொடங்கியதே 1959இல்தான். அந்த வருடம் ஃபரிதாபாத்தில் ஐஷர் வண்டி வெளிவந்தது. 1960இல் சென்னையில், மாசி பெர்குசன் வண்டிகளை இங்கே செய்த டாஃபே தொடங்கியது. 1963இல் மகிந்திரா, அமெரிக்க இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் சேர்ந்தது. குஜராத்தில் செக் நாட்டு ஜீட்டரின் துணையோடு இந்துஸ்தான் டிராக்டர் வந்தது. எஸ்கார்ட்ஸ் முதலில் போலந்து நாட்டு உர்சுஸோடும் பிறகு ஃபோர்டோடும் கைகோத்தது. 1971இல் எச்.எம்.டி.யும் ஜீட்டர் வழியில் இறங்கியது. 1974இல் வந்த ஸ்வராஜ் மட்டும் துர்காபூர் ஆய்வுக்கூடத்தில் நம்மவர்களே வடிவமைத்தது. பசுமைப் புரட்சிக்கு வழிபோட்ட காலத்தில் மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்துக்காரர் என்பதை எங்கள் பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

இந்த வம்சாவளியைத் தெரிந்து வைத்திருப்பது வெறும் வரலாற்று ஆசை இல்லை. பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான். காங்கேயம் காளை வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார் அல்லவா, அது போல. டாஃபே 1035இன் முன்னோர் இங்கிலாந்து மாசி பெர்குசன் 35. அதே அமைப்பு பல பத்தாண்டுகள் ஓடியதால் இன்றைக்கும் ஈரோட்டிலோ கோவையிலோ ஸ்பேர் கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மகிந்திரா பி-275க்கும் பின்னால் அதே பெயர்வழியில் வண்டிகள் வந்தபடி இருந்ததால் சாமான் பஞ்சமில்லை. ஃபோர்டு 3600 வைத்திருப்பவர், எஸ்கார்ட்ஸ் பிற்பாடு ஃபார்ம்டிராக் என்ற பெயரில் விற்ற வண்டியின் சாமானைப் போட்டு ஓட்டுகிறார். உள்ளே பெரும்பாலும் ஒரே அமைப்பு. சிக்கல் எச்.எம்.டி.யில்தான். 2016இல் மத்திய அரசு அந்தக் கம்பெனியின் டிராக்டர் பிரிவையே மூட முடிவெடுத்தது. அவ்வளவு உறுதியான வண்டி, ஆனால் சாமானுக்கு அலைய வேண்டும். ரஷ்ய பெலாரஸ் கிடைத்தவருக்கு இன்னும் கஷ்டம்.

சரி, எல்லோரும் ஏன் அந்தச் சிவப்பு மாசி பெர்குசனையே முதலில் தேடுகிறார்கள்? ஸ்பேர் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். என்னைக் கேட்டால் இன்னொரு காரணம் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது.

பெர்குசனுக்கு முந்திய டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியிலோ கம்பியிலோ கட்டி வெறுமனே இழுத்தன. சக்கரம் வழுக்காமல் இருக்க வண்டியே பெருத்த கனமாக இருக்க வேண்டியிருந்தது. கொழு ஒரு பாறையில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே வண்டி கவிழும். வட அயர்லாந்தில் மெக்கானிக்காக இருந்த ஹாரி பெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் பிடித்து வண்டியோடு ஒட்ட வைத்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். மண் கொழுவைப் பின்னால் தள்ளும்போது கலப்பை முன்னால் கவிழப் பார்க்கும். அந்த விசை டாப் லிங்க் வழியாக வண்டியை முன்பக்கம் தள்ளும். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பாது. கலப்பையின் கனமும் மண்ணின் பிடியும் பின்சக்கரத்தின் மேல் வந்து உட்கார, வண்டி சிறியதாக இருந்தாலும் பிடிமானம் கிடைத்துவிடும்.

அதோடு நிற்கவில்லை. டாப் லிங்க் வந்து முட்டுகிற இடத்தில் ஒரு தடித்த ஸ்பிரிங் இருக்கிறது. மண் இறுகினால் லிங்க் ஸ்பிரிங்கை அழுத்தும். அந்த அசைவு ஹைட்ராலிக் வால்வுக்குப் போய், கலப்பை தானாக அரைவிரல் தூக்கும். மண் இளகினால் மறுபடி இறங்கும். மேழி பிடித்து உழுதவர்களுக்கு இது புதிதே இல்லை. சுக்காங்கல் தட்டினால் கை லேசாகத் தூக்கும். பொதுமண் வந்தால் அழுத்தும். மேழி பிடித்த கை செய்த வேலையை அந்த ஸ்பிரிங் செய்கிறது. எனக்கு இதை விளக்கியவர் அப்பாவோடு சேர்ந்து மாடு கட்டி உழுத ஒரு பெரியவர். வண்டி காட்டில் போகும்போது அந்த ஸ்பிரிங்கைக் கைகாட்டி, "பாரு கண்ணு, மூச்சு விடறாப்புல இருக்குது" என்றார். அதற்குப் பிறகு உழும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

இந்த முறையோடு 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் செய்த சின்னச் சாம்பல் நிற பெர்குசன் 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. 1953இல் பெர்குசன், கனடாவின் மாசி-ஹாரிஸோடு இணைந்தார். நாம் சொல்லும் மாசி பெர்குசன் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இன்று எந்தக் கம்பெனி டிராக்டரை எடுத்தாலும் பின்னால் அந்த மூன்று புள்ளிப் பிடிப்பு இருக்கும்.

வாங்கிவந்த பழைய வண்டி ரொம்ப வருடம் நின்றிருந்தால் அதை இழுத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், சிலிண்டரின் உள்சுவரான லைனரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இழுத்தால் பிஸ்டன் உடையும், கனெக்டிங் ராடு வளையும். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, நாலைந்து நாள் விட்டுவிட்டு, ஃப்ளைவீல் பல்லில் கடப்பாரை நுனி கொடுத்துச் சிறுகச் சிறுக அசைத்துப் பார்க்க வேண்டும். டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். அடியில் துருவும் தண்ணீரும் கறுத்த களியும் இருக்கும். அது டீசல் பம்புக்குள் போனால் செலவு பல மடங்கு. அப்புறம் ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்து, அதன் பிறகு செல்ஃப் போடலாம்.

என் வண்டியில் இன்ஜின் வேலை முடிந்து மூன்றே மாதத்தில் நீலப்புகை வந்தது. அசல் என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த ரிங் செட் போலி. அட்டைப் பெட்டியும் முத்திரையும் அச்சு அசலாக இருந்தன. திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரர் முகம் கொடுத்தே பேசவில்லை. மறுபடி ஹெட்டைக் கழற்றி, ஆயில் சம்ப் இறக்கி, முழு வேலையும் இரண்டாம் முறை. பணம் போனதைவிட, புது லைனரில் கோடு விழுந்திருந்ததைப் பார்த்ததுதான் வயிற்றெரிச்சல். இப்போதெல்லாம் ரிங் வாங்கினால் பெட்டியைப் பார்ப்பதில்லை. ரிங்கைத் தனியாக லைனருக்குள் விட்டு, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து அளந்த பிறகே பிஸ்டனில் ஏற்றுகிறேன்.

அந்த இரண்டாம் முறைதான் சங்ககிரிப் பக்கம் ஒரு பம்ப் சர்வீஸ்காரரிடம் போனேன். சங்ககிரியும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் பேர்போன ஊர்கள். டீசல் பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அளவு பிடிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நெடுங்காலமாக இருக்கிறார்கள். அவர் பம்பைத் தொடுவதற்கு முன் வண்டியை ஓடவிட்டு, நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தினார். முதல் சிலிண்டரில் தளர்த்தியதும் சத்தம் தடுமாறியது. இறுக்கினார். இரண்டாவதிலும் தடுமாறியது. மூன்றாவதில் தளர்த்தியும் சத்தம் மாறவே இல்லை.

"ஏனுங்கண்ணா, மூணாவதுதானுங்களா?"

"அதேதான். அது சும்மா கூட ஓடிட்டு இருக்குது. பம்பு நல்லாத்தான் இருக்குது, நாசில் மட்டும் பார்த்தாப் போதும்."

பம்பு வேலை என்று சொல்லி என்னிடம் ஒரு தொகை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

தகரவேலைக்கு நான் போனது கரூர். பஸ் பாடி கட்டுகிற ஊரில் மட்கார்டு வளைவு எடுப்பது கைவந்த வேலை. என் வண்டியின் இடது மட்கார்டு அடிபட்டு அரித்துப் போயிருந்தது. புதுசு கடையில் கிடைக்கும். ஆனால் தகரம் மெல்லிசு. அந்த டிங்கர் வலது பக்கத்து மட்கார்டை வைத்து அட்டையில் அளவெடுத்து, தடித்த தகரத்தை வெட்டி, மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி வளைவு கொண்டுவந்தார். அரைநாள் வேலை. பக்கத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு தட்டும் ஒரே வலுவில் விழுவது தெரியும்.

பெயிண்ட் விஷயத்தில் எனக்கும் நண்பர்களுக்கும் சண்டையே வந்திருக்கிறது. புதுப்பிக்கிறோம் என்று சொல்லி ஒரு அங்குலம் பட்டி பூசி, கார் மாதிரி பளபளப்பு ஏற்றி, சாம்பலாக இருக்க வேண்டிய இன்ஜினுக்கும் சிவப்படித்து, ஸ்பீக்கர் பெட்டி கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பேட்டரி பெட்டிக்கு அடியிலோ டேங்கின் உள்பக்கத்திலோ சுரண்டினால் கம்பெனி அடித்த முதல் நிறம் இருக்கும். அதைப் பார்த்து அதே நிறத்தைக் கலந்து அடிக்கலாம். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் அடித்த இடங்களைப் பட்டி பூசி மூடவே கூடாது. வண்டியின் பிறப்புச் சான்று அது. என் வண்டியில் ஸ்டீயரிங்கின் வலதுபக்கம் அப்பா கை வைத்து வைத்துத் தேய்ந்து மழமழவென்று இருக்கிறது. அதை நான் மாற்றவில்லை.

ஆர்.சி. பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. பதிவாகி 50 வருடம் கடந்த, அசல் வடிவில் இருக்கிற வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி நம்பர். ஆனால் அது பைக், கார்களுக்குத்தான். டிராக்டருக்கு இல்லை. பழைய டிராக்டர் வைத்திருப்பவர் சாதாரண விவசாய வண்டியாகவே பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும். ஒரு நாட்டுக்கே சோறு போட்ட வண்டி பழம்பெருமைக் கணக்கில் வராதது எனக்கு வருத்தம்தான். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரால் அமைந்த கார் அருங்காட்சியகத்துக்கு மகனைக் கூட்டிப்போயிருந்தேன். அத்தனை கார்களையும் பார்த்து முடித்துவிட்டு, "டிராக்டருக்கு இப்படி ஒண்ணு இல்லையாப்பா?" என்று கேட்டான். அப்படி ஒன்று இந்தச் சீமையில் வர வேண்டும் என்பது என் ஆசையும்தான்.

கடைசியாக மாமன் வீட்டு எச்.எம்.டி. 2511. இரண்டு சிலிண்டர், 25 குதிரைத்திறன். அதில் இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகிற வார்ப்பு வளைவு, எல்போ என்பார்கள், வெடித்துவிட்டது. கடை கடையாகத் தேடினோம், இல்லை. வெல்டு வைத்தும் நிற்கவில்லை. அந்த ஒரு கிலோ இரும்புக்காக வண்டியை எடைக்குப் போடும் நிலை. கோவை கணபதிப் பகுதியில் பம்பு கம்பெனிகளுக்கு மர அச்சு செய்து கொடுக்கும் ஒருவரிடம் உடைந்த துண்டைக் கொண்டுபோனோம். அவர் துண்டுகளை ஒட்டிச் சேர்த்து அளவெடுத்தார். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவு சுருங்கும் என்பதால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே அவரிடம் தனி அளவுகோல் இருக்கிறது. அதில் ஒரு அங்குலம் உண்மையான அங்குலத்தைவிடத் துளி நீளம். தேக்கு மரத்தில் இரண்டு பாதியாக அச்சு, உள்துளைக்குத் தனி மணல் கரு. ஒரு பவுண்டரியில் பம்பு வார்ப்போடு சேர்த்து மூன்று உருப்படி ஊற்றிக் கொடுத்தார்கள். லேத்தில் முகம் பிடித்து, துளை போட்டு, கேஸ்கெட் வெட்டி மாட்டினோம்.

மாமன் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிவிட்டு இன்ஜின் சூடேறும்வரை அந்த எல்போ மேலேயே கை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டுக் கசியவில்லை. அன்று மத்தியானமே ஐந்து கொழுக் கலப்பை மாட்டிச் சோளக்காட்டை ஒரு ஓட்டு ஓட்டினார்.

மூன்றில் ஒன்று அந்த வண்டியில். மிச்சம் இரண்டையும் கோபிப் பக்கமிருந்தும் அரவக்குறிச்சியிலிருந்தும் அதே மாடல் வைத்திருப்பவர்கள் கேள்விப்பட்டு வந்து வாங்கிப்போனார்கள். போன மாதம் இன்னொருவர் வந்தார். உருப்படி தீர்ந்துவிட்டது என்றதும் சுவரில் மாட்டியிருந்த மர அச்சைக் கேட்டார். மாமன் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்து, பவுண்டரிக்காரர் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். "ஊத்தறது ஊத்தறீங்க, ரெண்டு சேர்த்தே ஊத்திருங்க" என்றார்.